காப்புறுதி முடியும் நாளுக்கும் தொடங்கும் நாளுக்கும் இடையே

நோய் திகதி பார்த்து வருவதில்லை. காப்புறுதியோ ஒரு திகதியில் தொடங்கி ஒரு திகதியில் முடிகிறது. இவை இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிக்கும் குடும்பங்கள் எமது சமூகத்தில் ஏராளம்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறார். அவருக்கும் மனைவி மக்களுக்கும் கம்பனியின் வைத்தியக் காப்புறுதி உண்டு. சம்பளம் கூடிய வேறு வேலை கிடைத்ததும் மாத இறுதியில் விலகிவிடுகிறார். புதிய இடத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகே காப்புறுதி தருவார்கள் என்பது பின்னர்தான் தெரிய வருகிறது. மூன்றாம் மாதம் நள்ளிரவில் பிள்ளைக்குக் கடும் வயிற்றுக் குத்து. பழகிய தனியார் வைத்தியசாலைக்கே ஓடுகிறார்கள். சத்திர சிகிச்சை நல்லபடியாக முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பில்லைக் கட்டப் போனால் பழைய அட்டை செல்லாது என்கிறார்கள். உம்மாவின் கழுத்து மாலை அடகுக் கடைக்குப் போகிறது. மாதாமாதம் வட்டி ஏறுகிறது. குணமான பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கி ஒரு வருடம் கழிந்தும் மாலை வீடு திரும்பவில்லை.

இவர்கள் ஊதாரிகள் அல்லர். காப்புறுதியைப் பற்றி அறியாதவர்களும் அல்லர். நடுவிலிருந்த ஆறு மாத இடைவெளி அவர்களுடைய கண்ணுக்குப் படவில்லை. வட்டியை வெறுத்து வாழும் ஒரு வீட்டை வட்டிக் கடையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த அந்த ஆறு மாதம் போதுமாக இருந்தது. இத்தகைய இடைவெளியை முன்கூட்டியே அறிவது எப்படி, எதைக் கொண்டு அதை அடைப்பது, அதற்கென விற்கப்படும் குறுகிய காலக் காப்புறுதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

இடைவெளி உண்டாகும் இடங்கள்

எமது வீடுகளில் பெரும்பாலும் ஆறு சந்தர்ப்பங்களில் இது நேர்கிறது.

1. வேலை மாறும்போது. கம்பனிக் காப்புறுதி பொதுவாக வேலையின் கடைசி நாளோடு முடிகிறது. சம்பளம் மாத இறுதியில் கைக்கு வருவதால் காப்புறுதியும் சில நாள் தொடரும் என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு.

2. மத்திய கிழக்கிலிருந்து ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது. அங்கிருந்த காப்புறுதி அந்த நாட்டோடும் அந்த இக்காமாவோடும் சேர்ந்தது. விமானம் ஏறியதும் அதன் வேலை முடிந்துவிடும்.

3. ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்த வீஸா வரும்வரை ஊரில் காத்திருக்கும் மாதங்களில்.

4. மனைவி மக்கள் விடுமுறைக்காகக் கணவரிடம் வெளிநாடு செல்லும்போது, அல்லது வயதான உம்மா வாப்பா உம்றாவுக்குப் போகும்போது.

5. பிள்ளை வளர்ந்து, தந்தையின் காப்புறுதியில் பிள்ளையாகக் கணிக்கப்படும் வயதைத் தாண்டும்போது. படிப்பு முடியவில்லை, வேலையும் இல்லை, காப்புறுதியும் இல்லை என்ற நிலை.

6. ஓய்வு பெறும்போது. நோய்கள் கூடும் வயதில் காப்புறுதி கையை விட்டுப் போகிறது. இது குறுகிய இடைவெளியல்ல. இதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

காலுக்குக் கீழே உள்ள தரை

எதையும் விலை கொடுத்து வாங்குமுன் எம்மிடம் இருப்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகள் இலவசமாகச் சிகிச்சை அளிக்கின்றன. செல்வந்த நாடுகள் பலவற்றில் இல்லாத பாக்கியம் இது. இடைவெளிக் காலத்தில் அவசர நோய் வந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியே. 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அதற்கும் கட்டணமில்லை. இந்த இலக்கம் எமது பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எனினும் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துகளை வெளியே பாமஸியில் வாங்க நேர்ந்ததை நாம் கண்டோம். வெளியே செய்யச் சொல்லும் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நோயாளியோடு நிற்பவரின் போக்குவரத்து, அன்றாடம் உழைப்பவருக்கு அந்த நாட்களில் இழந்த கூலி ஆகிய யாவும் செலவே. சத்திர சிகிச்சைக்கு நீண்ட நாள் காத்திருக்க நேர்வதும் உண்டு. ஆகவே, அரசாங்க வைத்தியசாலையை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் என்ன தேவை என்று கணக்கிடுவதே சரியான முறை.

அடுத்ததாக, வீட்டில் வேறு யாருக்காவது காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள். மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியையாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அக்ரஹார திட்டத்தில் அவர் இருப்பார். அது அவருக்கு மட்டுமன்றிக் கணவருக்கும் தங்கியுள்ள பிள்ளைகளுக்கும் உரியது. மாதாமாதம் சம்பளத்தில் பணம் கழிக்கப்பட்டும் ஒரு முறையேனும் அதைக் கோரிப் பெறாத ஆசிரியைகள் இருக்கிறார்கள். கணவரின் காப்புறுதி நின்றுபோன மாதங்களில் இதுவே அவர்களுக்குப் பாலமாகும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. குடும்ப உறுப்பினரின் பெயர்கள் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்பதை மட்டும் காரியாலயத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கென 2017இல் தொடங்கப்பட்ட சுரக்ஷா காப்புறுதியில் உங்கள் பிள்ளைக்கு இவ்வருடம் என்ன உரிமை உண்டென்று அதிபரிடம் விசாரித்துக்கொள்வதும் நல்லது.

குறுகிய காலக் காப்புறுதி என்பது என்ன?

கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என்று அழைக்கப்பட்ட படகில்தான் மக்கள் துறையைக் கடந்தார்கள். அக்கரை சேர்வதற்கு அது உதவியது. அதில் குடியிருக்க எவரும் நினைக்கவில்லை. குறுகிய காலக் காப்புறுதியும் அத்தகையதே. சில நாட்களுக்கோ சில மாதங்களுக்கோ, திடீரென வரும் பெருஞ் செலவிலிருந்து காப்பதே அதன் வேலை. எப்போதும் உள்ள நோய்க்கு மருந்து தருவது அதன் வேலையல்ல.

விலை குறைவாக இருப்பதன் காரணமும் இதுதான். பெரும்பாலான குறுகிய காலப் பத்திரங்களில் ஏற்கெனவே உள்ள நோய் சேராது. சீனி, பிரஷர், ஆஸ்துமா, இருதய வருத்தம் உள்ளவருக்கு அவற்றால் வரும் செலவு கிடைக்காது. கர்ப்பமும் பிரசவமும் சேர்வதில்லை. பல் வைத்தியம், கண்ணாடி, வழமையான கிளினிக் மருந்து ஆகியனவும் அப்படியே. இவற்றை அறியாமல் வாங்குபவர், கட்டணம் குறைவென்று மகிழ்ந்துவிட்டுப் பின்னர் நிறுவனம் ஏமாற்றிவிட்டதென்று சபிக்கிறார். பத்திரத்தில் எழுதியிருந்ததை எவரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

இத்தகைய காப்புறுதி பெருமளவில் விற்பனையாகும் நாடு அமெரிக்கா. அங்கு நடந்தது எமக்கும் படிப்பினையாகும். அங்கே 2014 முதல் வழமையான வைத்தியக் காப்புறுதி வழங்குவோர், ஏற்கெனவே நோய் உள்ளவர் என்பதற்காக ஒருவரை மறுக்க முடியாது. குறுகிய காலப் பத்திரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2018இல் வந்த விதி, இப்பத்திரங்களை ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு விற்கவும், புதுப்பித்துப் புதுப்பித்து 36 மாதம்வரை நீட்டவும் இடமளித்தது. விலை மலிவைக் கண்டு முழுமையான காப்புறுதி என்று நம்பி வாங்கியவர்கள், பெரிய நோய் வந்தபோது கைவிடப்பட்டார்கள். 2024 செப்டம்பர் முதல் விற்கப்படும் பத்திரங்களுக்கு நீடிப்பும் உட்பட நான்கு மாதமே எல்லை என்று விதி இறுக்கப்பட்டது. 2025 ஓகஸ்டில் அந்நாட்டு அரசாங்கம், இவ்விதியை மீறுவோர் மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன்னுரிமை கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அரசாங்கங்கள் விதியை இறுக்கலாம், தளர்த்தலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாங்குபவரே அறிந்திருக்க வேண்டும்.

மத்திய கிழக்கில் இருப்போருக்கும் போவோருக்கும்

எமது குடும்பங்களில் பெரும் எண்ணிக்கையானோருக்கு இவ்விடயம் தொடர்புபடுவது மத்திய கிழக்கு நாடுகளிலேயே. அங்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு.

சவூதி அரேபியாவில் 1999ஆம் ஆண்டின் கூட்டுறவு சுகாதாரக் காப்புறுதிச் சட்டப்படி, தனியார் துறையில் தொழில் செய்யும் வெளிநாட்டவருக்கும், அவரோடு அங்கே சட்டப்படி வாழும் குடும்பத்தினருக்கும் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது தொழில் வழங்குபவரின் கடமை. ஊரில் இருக்கும் மனைவி மக்களுக்கு இதனால் எதுவும் கிடைக்காது. “அவருக்கு அங்கே இன்ஷுரன்ஸ் இருக்கிறது” என்று சொல்லி நிம்மதியடையும் சகோதரிகள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

டுபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளிக்குரிய காப்புறுதியைக் கம்பனி எடுக்க வேண்டும். மனைவி பிள்ளைகளுக்கோ, அவர்களைத் தமது வீஸாவில் அழைத்து வைத்திருப்பவரே எடுக்க வேண்டும். சில கம்பனிகள் குடும்பத்துக்கும் எடுத்துக் கொடுக்கின்றன. அது சலுகையே. கணவர் வேலை மாறும்போது தமது காப்புறுதியைப் பற்றிக் கேட்டறிந்து, மனைவி பிள்ளைகளின் காப்புறுதியைப் பற்றிக் கேட்க மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஷார்ஜா, அஜ்மான் முதலிய வடக்கு எமிரேட்டுகளில் தனியார் துறையினருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் 2025 ஜனவரி 1 முதல் காப்புறுதி கட்டாயமாகியுள்ளது. வீட்டு வேலைக்குச் செல்லும் எமது சகோதரிகள் தமக்கும் இவ்வுரிமை உண்டென்பதை அறிந்து, அட்டையின் பிரதியொன்றைத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்து வீஸா இரத்தாகும்போது காப்புறுதியும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அடுத்த வேலை தேடும் நாட்களில் அந்நாட்டிலேயே தங்கியிருப்பவர் காப்புறுதியின்றி இருக்கிறார். அங்கு தனியார் வைத்தியசாலையில் ஒரு இரவு தங்கினாலும் செலவு பெருந்தொகை. அந்த நாட்களைத் திகதி வாரியாகக் கணக்கிட்டு, அவற்றுக்கு மட்டும் ஒரு குறுகிய காலப் பத்திரம் எடுப்பது அறிவுடைமை.

குடும்பத்தைப் பார்க்கச் செல்வோருக்கு வருவோம். கட்டார் நாடு 2023 பெப்ரவரி 1 முதல், அங்கு வரும் பார்வையாளர்கள் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்று விதித்தது. மாதத்துக்கு 50 றியாலில் தொடங்கும் அப்பத்திரம் அவசர நோய்க்கும் விபத்துக்கும் மட்டுமே உரியது. உம்றா வீஸாக் கட்டணத்திலும் 2020 ஜனவரி முதல் காப்புறுதி சேர்க்கப்பட்டுள்ளது. அதுவும் அவசர நிலைக்கு உரியதே. வாப்பாவின் சீனி மருந்து தீர்ந்துவிட்டால் அதை வாங்கித் தரும் ஏற்பாடல்ல. ஆகவே, உம்றாவுக்குச் செல்லும் முதியவர்கள் தங்கும் நாட்களுக்கும் மேலாக இரண்டு வார மருந்தை, டொக்டரின் துண்டோடு, கையில் எடுத்துச் செல்லும் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கணவரோடு சில மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று பார்வையாளர் வீஸாவில் செல்பவர்கள், அங்கே பிரசவம் நேர்ந்தால் அந்தச் செலவைப் பார்வையாளர் காப்புறுதி ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஏற்காது. குறைமாதக் குழந்தை பிறந்து விசேட பராமரிப்புப் பிரிவில் வைக்க நேர்ந்தால், கணவர் பல வருடம் சேர்த்ததும் போதாமல் போகலாம். மாதம் ஏறுமுன்னே ஊர் திரும்புவது காசுக்கும் உடலுக்கும் நல்லது.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து செல்வோருக்குப் பதிவோடு ஒரு காப்புறுதியும் உண்டு. அது பதிவுக் காலத்துக்கு உட்பட்டது. ஒப்பந்தத்தை நீடித்துக்கொண்டு பதிவைப் புதுப்பிக்காமல் இருப்பவர் அந்த உரிமையை இழக்கிறார். கணவரோ மகனோ மகளோ கடைசியாக எப்போது பதிவைப் புதுப்பித்தார் என்று அடுத்த தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்.

ஊரில் இருக்கும்போது

எமது நாட்டில் பிரயாணக் காப்புறுதியைத் தவிர, ஓரிரு மாதத்துக்கென்று தனியாக விற்கப்படும் வைத்தியக் காப்புறுதி அரிது. இங்கு கிடைப்பவை பெரும்பாலும் ஒரு வருடத்துக்கானவை. அவற்றில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. பத்திரம் எடுத்து முதல் முப்பது நாள் போன்ற ஒரு காலத்துக்கு விபத்தைத் தவிர வேறு நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். கண் வெள்ளை, ஹேர்னியா, மூலம், சிறுநீரகக் கல் போன்றவற்றுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியிருக்கும். பிரசவத்துக்கும் நீண்ட காத்திருப்பு உண்டு.

இதிலிருந்து ஓர் எளிய உபாயம் கிடைக்கிறது. பழைய காப்புறுதி முடிந்த பிறகு புதியதைத் தேடாதீர்கள். முடிவதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே புதியதை எடுத்துவிடுங்கள். பழையது உயிரோடு இருக்கும்போதே புதியதன் காத்திருப்பு நாட்கள் ஓடி முடிந்துவிடும். இரண்டு மாதக் கட்டணம் இரட்டிப்பாகச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் இடைவெளி இராது. ஓய்வு பெற இருப்போரும் ஊர் திரும்பும் திகதியை அறிந்தோரும் இதைச் செய்யலாம்.

வேலையை விட்டு விலகுபவர், கடிதம் கொடுக்குமுன் பழைய கம்பனியின் நிருவாகப் பிரிவில் காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது, சொந்தப் பணத்தில் தொடர வழியுண்டா என்று கேட்க வேண்டும். புதிய கம்பனியில் காப்புறுதி எந்த நாள் முதல் என்று நியமனக் கடிதம் பெறும்போதே கேட்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதவர் இதையும் கேட்கலாம். முதல் நாளிலிருந்தே தரும்படி வேண்டினால் இணங்கும் முதலாளிகளும் உண்டு.

மார்க்கத்தின் பார்வையில்

காப்புறுதி எடுப்பது தவக்குலுக்கு முரண் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு வந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை எமது பிள்ளைகளும் அறிவார்கள். முன்னேற்பாடு தவக்குலின் ஒரு பகுதி. ஆகவே கேள்வி காப்புறுதி வேண்டுமா என்பதல்ல. எந்த முறையில் என்பதே.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹ் அகடமி, நிலையான கட்டணத்தைப் பெற்று இலாபத்துக்காக நடத்தப்படும் வர்த்தகக் காப்புறுதி ஒப்பந்தத்தில் பெரும் ‘கரர்’, அதாவது நிச்சயமற்ற தன்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியே அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1977இலேயே கூட்டுறவு முறையை ஏற்றிருந்தது. வைத்தியக் காப்புறுதியைப் பற்றி அதே அகடமி 2005இல் டுபாயில் கூடி ஆராய்ந்தபோதும் கூட்டுறவு முறையையே ஆகுமானதெனக் காட்டியது.

தகாபுல் எனப்படும் இம்முறையில், நாம் கட்டும் பணம் ‘தபர்ருஉ’, அதாவது நன்கொடை என்ற நிய்யத்தோடு ஒரு பொது நிதிக்குப் போகிறது. நடத்தும் நிறுவனத்தின் பணம் வேறாகவும் இந்நிதி வேறாகவும் வைக்கப்படும். நோயுற்றவருக்கு நிதியிலிருந்து வழங்கப்படும். நிறுவனம் தனது சேவைக்குக் குறிப்பிட்ட கூலியைப் பெறும். பணம் ஹலாலான வழிகளில் மட்டும் முதலிடப்படும். பிரயாணத்தில் உணவு குறைந்தபோது அஷ்அரீ கோத்திரத்தார் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதையும், நபியவர்கள் அவர்களைப் பாராட்டியதையும் உலமாக்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர்.

“மூன்று மாதத்துக்குக் கட்டினேன், ஒரு நோயும் வரவில்லை, பணம் வீணாகிவிட்டதே” என்று வருந்துவோருக்கும் இதிலே பதில் உண்டு. நன்கொடை என்ற நிய்யத்தோடு கொடுத்த பணம் அந்த மாதங்களில் வேறொரு பிள்ளையின் சிகிச்சைக்குப் போயிருக்கும். நோய் வராதது நஷ்டமல்ல, அது அல்லாஹ் தந்த ஆரோக்கியம்.

இலங்கையிலும் தகாபுல் முறையில் காப்புறுதி பெற வழி இருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். வீஸாவுக்கென அரசாங்கம் கட்டாயமாக்கியுள்ள இடத்தில் தெரிவு எம் கையில் இல்லை. கம்பனி தானாக எடுத்துத் தரும் காப்புறுதியின் நிலையும் வேறு. இத்தகைய சந்தர்ப்பங்களில் அவரவர் நிலையை விளக்கி, ஊரின் உலமாக்களிடமோ அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடமோ கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

உள்ள நோயை மறைக்காதீர்கள்

விண்ணப்பப் படிவத்தில் சீனி, பிரஷர் உண்டா என்று கேட்டிருப்பார்கள். “அதையெல்லாம் எழுதத் தேவையில்லை, எழுதினால் தரமாட்டார்கள்” என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அவர் சொல்லைக் கேட்டு இல்லையென்று எழுதினால் அது பொய். கூட்டுறவு நிதியாக இருந்தால் அது மற்றவர்களின் பணத்தைப் பொய் சொல்லிப் பெறுவதுமாகும். உலக இலாபமும் அதில் இல்லை. நோய் வந்ததும் வைத்தியசாலையின் பழைய பதிவுகளைப் பார்ப்பார்கள். கிளினிக் கொப்பி ஒன்றே போதும், முழுக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. முகவர் அன்றைக்கு அருகில் இருக்கமாட்டார்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

1. எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிகிறது? இரண்டு காப்புறுதிகளுக்கு நடுவில் ஒரு நாளாவது விடுபடுகிறதா?

2. காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? ஒரு மாதக் காத்திருப்புள்ள பத்திரத்தை இரண்டு மாதத்துக்கு எடுத்தால் கிடைப்பது ஒரு மாதப் பாதுகாப்பே.

3. ஏற்கெனவே உள்ள எந்த நோய்கள் சேராது?

4. வைத்தியசாலையில் தங்கினால் மட்டுமா, வெளிநோயாளராக டொக்டரைக் காட்டினாலும் கிடைக்குமா?

5. எந்தெந்த வைத்தியசாலைகள்? அட்டையைக் காட்டினால் போதுமா, நாம் கட்டிவிட்டுப் பிறகு பெற வேண்டுமா?

6. உச்சத் தொகை எவ்வளவு? அதில் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு?

7. மீண்டும் எடுத்தால், முதல் தடவையில் வந்த நோய் இரண்டாம் தடவை ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்று தள்ளப்படுமா? குறுகிய காலப் பத்திரங்களில் பலர் விழும் குழி இது.

8. வேலை முன்கூட்டியே கிடைத்து நிறுத்திக்கொண்டால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

விடைகளை வாயால் கேட்டுக்கொண்டால் போதாது. பத்திரத்தில் எந்தப் பந்தியில் இருக்கிறதென்று காட்டச் சொல்லுங்கள். இலங்கையில் எடுத்த பத்திரத்தில் பிணக்கு வந்தால், நிறுவனத்தோடு பேசியும் தீராதபோது, காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிட வழியுண்டு.

ஒரு கோவை, ஒரு கலண்டர்

வீட்டில் கடதாசிகளைப் பேணுவது பெரும்பாலும் பெண்களே. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே, தடுப்பூசி அட்டை எங்கே என்பது கணவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதே இடத்தில் இன்னுமொரு கோவையை வையுங்கள். அதில் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி, அட்டையின் பிரதி, கிளினிக் கொப்பி, வைத்தியசாலை விட்டு வரும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, பற்றுச்சீட்டுகள் யாவும் இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவரின் அட்டையை இரு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோரிக்கை அனுப்பக் காலவரையறை உண்டு. சீட்டு தொலைந்தாலும் நாள் கடந்தாலும் பணம் கிடைக்காது.

காப்புறுதிக் கட்டணம் கட்ட இயலாத வீடுகளும் எமது ஊர்களில் இருக்கின்றன. அவர்களிடம் எட்டுக் கேள்வியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எமது பெண்கள் சீட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். அதே ஒழுங்கோடு தெருவிலுள்ள இருபது வீடுகள் மாதம் ஒரு சிறு தொகையை ஸதகாவாகச் சேர்த்து, சுகயீனத்துக்கென்று ஒரு நிதி வைக்கலாம். வாங்கியவர் பெயர் வெளியே வரக்கூடாது. கணக்கு மட்டும் எழுதப்பட வேண்டும். பள்ளிவாசலின் ஸகாத் நிதியும் வட்டியில்லாக் கடனும் இதோடு சேர்ந்தால், நள்ளிரவில் நோய் வந்த வீட்டு உம்மா அடுத்த நாள் காலை அடகுக் கடைக்குப் போக வேண்டியிராது.

இவ்விதழை மூடி வைக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் காப்புறுதியும் முடியும் திகதியைப் பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முந்திய நாளைக் கலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் திகதி தெரியாவிட்டால் இன்றிரவே கேளுங்கள். அல்லாஹ் எம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், அதைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.